மனு போகும் வழி

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த சீமைகளில் பாராமகாலும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடக்கம். மேட்டு நிலத்தில் இருக்கும் ஓசூர் பக்கம், கெலவரப்பள்ளியையும் சேர்த்து, 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே கும்பினியின் கைக்கு வந்தது. பாராமகாலுக்கு வரி போட அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீட் என்கிற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக வந்த இளைஞர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கி, குதிரையேறி ஊர் ஊராகப் போய், நிலத்தையும் அதை உழுதவர்களையும் கற்றுக்கொண்டவர்.

ரீட்டும் மன்றோவும் இந்த மண்ணில் பழகிப் பார்த்த ஏற்பாடுதான் பிறகு ரயத்துவாரி என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. நடுவில் ஜமீன்தார் இல்லை, மொத்தக் குத்தகை எடுத்தவர் இல்லை. பட்டா குடியானவன் பேரில், தீர்வையும் அவன் பேரில். இதன் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கணக்கு நேரடி என்றால் குறையும் நேரடிதான். மழை பொய்த்தாலும், கணக்குப்பிள்ளை நஞ்சை என்று தப்பாக எழுதிவிட்டாலும், பக்கத்து வயல்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டாலும், குடியானவன் போய் நிற்க வேண்டிய இடம் சர்க்கார் கச்சேரி. ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தி நடக்கும். கலெக்டர் முகாம் போட்டு உட்காருவார். மர நிழலில் காகிதத்தோடு கூட்டம் காத்திருக்கும். தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் ஜமாபந்தி இன்றும் நடக்கிறது. காகிதமும் அதேதான், நிழல் மட்டும் பந்தலாகிவிட்டது.

மன்றோ அதோடு நிற்கவில்லை. 1816இல் அவருடைய யோசனைப்படி வந்த சீர்திருத்தங்கள் போலீஸ் வேலையையும் கலெக்டரிடமே கொடுத்தன. அவருக்குக் கீழே தாசில்தார், அவருக்கும் கீழே கிராம மணியக்காரர். வரி வசூலிப்பவரும், வசூலில் அடிதடி நடந்தால் விசாரிப்பவரும் ஒரே ஆள் என்றாயிற்று. மன்றோவின் நோக்கம் கெட்டதல்ல. ஊரை அறிந்தவன் ஊரை நடத்தட்டும் என்று அவர் நினைத்தார். ஆனால் தாசில்தாரின் சேவகன் ஒருவனை வெயிலில் நிற்க வைத்து அடித்தால், அடிபட்டவன் போய்ச் சொல்ல வேண்டியது அதே தாசில்தாரிடம். கலெக்டரிடம் போகலாம்தான். அவர் மனுவை வாங்கி, பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி, விசாரித்து அறிக்கை அனுப்பும்படி அதே தாசில்தாருக்கே திருப்பி அனுப்புவார்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து இந்த முடிச்சு லண்டன் வரை போனது. 1854 ஜூலையில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்கிறது என்று பேச்சு எழுந்தது. கும்பினி மறுத்தது, பிறகு விசாரிக்க ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மூன்று பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு அதிகாரிகளும் ஜே.பி. நார்ட்டன் என்ற வழக்கறிஞரும் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த காரியத்தில் புதுமையானது ஒன்றே ஒன்று: மாகாணம் முழுக்க அறிவிப்புக் கொடுத்து, தாசில்தாரையும் கலெக்டரையும் தாண்டி, நேராகத் தங்களிடமே புகார் சொல்லலாம் என்றார்கள்.

வந்து குவிந்தவை 1,959 புகார்கள். கடிதமாக வந்தவை 1,440. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். ரயில் இல்லாத காலம். நூற்றுக்கணக்கான மைல் நடந்து சென்னைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். வயலை விட்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, திரும்பிப் போனால் ஊரில் தாசில்தார் ஆள் என்ன செய்வானோ என்ற பயத்தோடு வந்தவர்கள். அவர்கள் சொன்னவற்றில் இரண்டு சாதனங்களின் பெயர் ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறிவிட்டது. ஒன்று கிட்டி: இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே கையையோ விரலையோ வைத்து நெருக்குவது. இன்னொன்று அண்ணாந்தாள்: உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவது. கண்ணில் மிளகாய்ப்பொடி, முதுகில் கல், கொதிக்கும் வெயில் என்று பட்டியல் நீளும். வரிபாக்கி பல நேரம் அற்பத் தொகை.

1855இல் வெளிவந்த அறிக்கை சித்திரவதை உண்மைதான் என்றது. அதைவிட, புகார் ஏன் மேலே வருவதில்லை என்பதற்கு அது தந்த விளக்கம் கூர்மையானது. கலெக்டர் கச்சேரி எட்டாத தூரத்தில் இருந்தது. போய்வரச் செலவு அதிகம். பயமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், மனு சுற்றிச் சுற்றிக் குற்றம் சாட்டப்பட்டவரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. புகார் இல்லாததால் குற்றமும் இல்லை என்று அதுவரை மேலதிகாரிகள் நம்பியதும் இதனால்தான்.

அந்த மூவரும் ஓர் இடத்தில் மட்டும் நழுவினார்கள். மக்களுக்குத் துரைமார் மேல் வருத்தமே இல்லை, சொந்த நாட்டுக் கீழதிகாரிகளிடமிருந்து காப்பாற்றினால் போதும் என்கிறார்கள் என்று எழுதினார்கள். வெள்ளைக்காரரிடம் போய் வெள்ளைக்காரரைப் பற்றிக் குறை சொல்ல எத்தனை பேர் துணிவார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் இந்த அறிக்கையை அலசிய கார்ல் மார்க்ஸ் அந்த நழுவலைத்தான் பிடித்தார். சித்திரவதையை ஒப்புக்கொண்டதே, அரசின் மேல் பழி விழாதபடி ஒப்புக்கொண்டதுதான் என்பது அவர் வாதம்.

எப்படியோ, முடிச்சு அவிழ்ந்தது. 1859இல் 24ஆம் சட்டம் வந்து, போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிப் படையாக்கியது. தமிழ்நாட்டின் இன்றைய காவல் துறை அந்தச் சட்டத்தின் வழி வந்ததே. ஒரு துறையின் பிறப்புக்கு மனுக் கட்டு ஒன்று காரணமாக இருந்தது என்பதை அந்தத் துறையில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் தெரிந்துகொண்டால் சிரிப்பார்களா அழுவார்களா என்று சொல்ல முடியாது.

தூரம் குறைய இன்னும் வெகுகாலம் பிடித்தது. ஓசூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் சேலம். 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. 40 கிலோமீட்டரில் பெங்களூர் இருக்க, குறையைச் சொல்லச் சேலம் போக வேண்டியிருந்தவர்கள் ஐம்பது கிலோமீட்டரில் கலெக்டரைப் பார்க்கும் நிலை வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. குறை சொல்லக் கிராமத்தில் முதல் படியாக இருந்தவர் கிராம முன்சீப். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் அந்தப் பதவியில் இருந்தவரின் மகன்தான் 1878இல் பிறந்த ராஜாஜி. பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது.

இன்று திங்கட்கிழமை காலையில் எந்தக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். வெளியே மனு எழுதித் தருகிறவர்கள், உள்ளே வரிசை, கம்ப்யூட்டரில் பதிவு, ஒப்புகைச் சீட்டு, கலெக்டர் வாங்கிப் படித்துத் துறை அதிகாரியிடம் நீட்டும் நொடி. வாசலில் இன்னொன்றும் நடக்கும். பையில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று போலீஸ்காரர் துழாவிப் பார்ப்பார். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்து, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேரும் இறந்தார்கள். கந்துவட்டிக் கொடுமை என்று அவர்கள் அதற்கு முன்பும் அதே அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு மாவட்டந்தோறும் வாசலில் சோதனை கடுமையானது. மனுக்கள் எங்கே தேங்குகின்றன என்ற சோதனை அந்த அளவுக்குக் கடுமையானதாகச் சொல்ல முடியாது.

ஓசூரின் இரண்டாம் பிறவி தொழிற்சாலை. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் 1970களின் நடுவில் இங்கே தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகாரமும் வந்தது. கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலத்துப் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். கம்பெனி பஸ் வருகிற நேரம்தான் ஊரின் கடிகாரம்.

தொழிற்சாலைக்குள் புகார் சொல்லும் வழி சென்னையில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1918 ஏப்ரலில், பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. தனியாக ஒரு தொழிலாளி சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். சேர்ந்து சொன்னதால் 1920இல் கதவடைப்பு வந்தது. கம்பெனி வாடியா மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத் தடையும் வாங்கியது. தொழிலாளர் சார்பில் குறை சொன்னவரே வழக்கில் பிரதிவாதியான அந்த அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது.

1947இல் வந்த தொழில் தகராறுச் சட்டத்தைப் புகார்க்காரனின் கண்ணால் படித்தால் விசித்திரமாக இருக்கும். வேலையை விட்டு நீக்கப்பட்ட தனி ஆளின் குறை அந்தச் சட்டப்படி தகராறே அல்ல. சங்கம் அதைக் கையில் எடுத்தால்தான் தகராறு. 1965இல் அது திருத்தப்பட்டது. அப்போதும் தொழிலாளி நேராக நீதிமன்றம் போக முடியாது. அரசு அனுப்பிவைக்க வேண்டும். தமிழ்நாடு 1988இல் தன் திருத்தத்தால் அந்தக் கதவைத் திறந்தது. நாடு முழுவதற்கும் அது திறக்க 2010 ஆயிற்று. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருதரப்பும் உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டி வைக்கவும் அதே சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் எதைப் பேசலாம் என்று 1959இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு பட்டியல் போட்டது. வெளிச்சம், காற்றோட்டம், குடிநீர், கேன்டீன் எல்லாம் பேசலாம். சம்பளம், போனஸ், ஆட்குறைப்பு கூடாது. கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்த கமிட்டிகள் இருந்தது இதனால்தான். தொழிலாளிக்குச் சாம்பாரைத் தவிர வேறு குறை இல்லை என்று நிர்வாகக் குறிப்பேடு சாட்சி சொல்லும்!

ஓசூரில் இன்று சிக்கல் வேறு விதம். புகார் பெட்டி இல்லாத கம்பெனி கிடையாது. மனிதவளத் துறை இல்லாத கம்பெனியும் கிடையாது. ஆனால் லைனில் நிற்கிற ஆள் கம்பெனி ஆளா என்பதே கேள்வி. சம்பளச் சீட்டில் காண்ட்ராக்டர் பெயர், சட்டையில் கம்பெனி பெயர், கழுத்தில் பயிற்சித் தொழிலாளி என்று அடையாள அட்டை. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்றது. கூலிக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. மேஸ்திரி திட்டினான், ஓவர்டைம் வேண்டாம் என்றதற்கு அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை என்பதற்கு? கம்பெனியில் கேட்டால் ஏஜென்சியைக் காட்டுவார்கள். ஏஜென்சியில் கேட்டால் கம்பெனி சொன்னபடி செய்தோம் என்பார்கள். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த ஆளுக்கு இந்த உரையாடலை நடத்தத் தமிழும் வேண்டும்.

ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ஆலைகளுக்குப் போய்வருகிறவர்களுக்கு இன்னொரு கோடு. சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தொழிலாளர் துறை கர்நாடக அரசுடையது, படிவம் கன்னடத்தில். இருபது நிமிடப் பயணம்தான், புகாருக்கு அது வேறு ராஜ்யம்.

2025 நவம்பர் தொடக்கத்தில் ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில், டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கும் விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா பிடிபட்டது. பெண்கள் வெளியே வந்து திரண்டு உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்தது, விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணும் அவருக்கு உடந்தையானவரும் கைதானார்கள். ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்புத் துறை பார்க்கும். பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டர் உரிமம். கேமரா என்றால் போலீஸ். ஒரு குளியலறைக்கு மூன்று வாசல். எந்த வாசலில் எந்தப் படிவம் என்று அந்த இரவில் யாரும் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. திரண்டு உட்கார்ந்ததுதான் மனு. அதே மாதம் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் குறைதீர்க்கும் குழு கட்டாயம், முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது.

இதே மேட்டு நிலத்தில் ஓர் ஆறும் ஓடுகிறது. அதன் மனு வரலாறு தொழிற்சாலையை விடப் பழையது. நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணைக்குக் கன்னட நாட்டில் தட்சிண பினாகினி என்று பெயர். மைசூர் அரசு தன் ஏரிகளைத் தூர்வாரிக் கரை உயர்த்தினால் கீழே தண்ணீர் வராது என்று சென்னை மாகாணத்துக் குடியானவர்கள் புலம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தச் சச்சரவுகள் திரண்டுதான் 1892 பிப்ரவரியில் மைசூருக்கும் சென்னைக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. பட்டியலில் உள்ள ஆறுகளில், சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் எதையும் கட்டக் கூடாது. தென்பெண்ணையும் அந்தப் பட்டியலில் உண்டு. தண்ணீர் எவ்வளவு என்பதுதான் அதில் பேச்சு. எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்க 1892இல் யாருக்கும் தோன்றவில்லை, தோன்றக் காரணமும் இல்லை.

1990களில் கெலவரப்பள்ளி அணை வந்தது. 44.28 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். இரண்டு கால்வாய்களில் எட்டாயிரம் ஏக்கர் பாசனம். அந்தக் காலத்தில்தான் பெங்களூரும் வீங்கத் தொடங்கியிருந்தது. அந்த நகரத்துக் கழிவுநீரில் பெரும்பங்கு பெல்லந்தூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து வர்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. சோப்புத்தூளில் உள்ள பாஸ்பேட்டும் சுத்திகரிக்காத சாக்கடையும் கலந்த தண்ணீர், மதகிலிருந்து விழுந்து சுழலும்போது வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. கர்நாடகத்தில் நல்ல மழை பெய்தால் நுரை அதிகம். அணைக்குக் கீழே தட்டகானப்பள்ளி தரைப்பாலத்தில் ஆள் உயரத்துக்கு நுரை மூடிப் போக்குவரத்து நின்ற நாட்கள் உண்டு. வருவாய்த் துறை தடுப்பு வைக்கும். தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சி நுரையை அடக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாட்டிலில் மாதிரி எடுக்கும். தண்ணீர் வரவில்லை என்று அன்று மனு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இப்படி வருகிறதே என்று இன்று மனு கொடுக்கிறார்கள்.

அந்த மனு எங்கே போகும்? 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் முதலில் வந்தபோது, மாசுபடுத்தியவர் மேல் கோர்ட்டில் புகார் கொடுக்கும் உரிமையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அதன் அனுமதி பெற்றவருக்கும் மட்டுமே தந்தது. வாரியம் சும்மா இருந்தால் ஆறும் சும்மா இருக்க வேண்டியதுதான். 1988இல் திருத்தினார்கள்: அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு யாரும் புகார் கொடுக்கலாம். நல்ல திருத்தம். ஆனால் புகார் என்றால் எதிரி பெயர் வேண்டும். ஓர் ஆலையின் குழாய் என்றால் பெயர் எழுதலாம். பெங்களூரில் துணி துவைக்கும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு எந்தப் பெயரை எழுதுவது? தமிழ்நாட்டு வாரியத்துக்கு அந்தப் பக்கம் அதிகாரம் இல்லை. கர்நாடக வாரியத்தின் கதவைக் கெலவரப்பள்ளிக்காரர் தட்டினால், அவர் அந்த மாநில வாக்காளர்கூட இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பெல்லந்தூர் ஏரி நுரை சாலைக்குப் பறந்து, 2017 பிப்ரவரியில் ஏரியே தீப்பிடித்துப் புகைந்தபோது, கரையோர அடுக்குமாடிகளில் வசித்தவர்களின் குரல் உடனே எடுபட்டது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கிவைக்கும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. அதே தண்ணீர்தான் கீழே இறங்கி வருகிறது. கெலவரப்பள்ளி நுரையைப் பற்றியும் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விசாரித்தது, அறிக்கைகள் கேட்டது. ஆனால் ஏரிக்கரையில் பிளாட் வாங்கியவரின் புகாரும் கால்வாய்க்கரையில் ரோஜா, தக்காளி போடுகிறவரின் புகாரும் ஒரே எடையில் நிறுக்கப்பட்டன என்று சொல்ல மனம் வரவில்லை.

மாநிலத்தின் சார்பில் போகும் வழி இன்னும் குறுகியது. 1956ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டப்படி நடுவர் மன்றம் கேட்க மாநில அரசால் மட்டுமே முடியும். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில், கோலார் மாவட்டம் யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் போனது. 1892 ஒப்பந்தமும் அங்கே எடுத்துக் காட்டப்பட்டது. தடை கேட்ட மனுவை 2019 நவம்பரில் நீதிமன்றம் தள்ளி, நடுவர் மன்றம் வேண்டுமென்றால் மத்திய அரசைக் கேளுங்கள் என்றது. கேட்டார்கள்; 2020இல் பேச்சுவார்த்தைக் குழு போடப்பட்டது. யார்கோள் வழக்கு தண்ணீரின் அளவு பற்றியது. நுரை அதில் உபரி விஷயம்.

கிருஷ்ணகிரியில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. கலெக்டர் தலைமையில் வேளாண்மை, நீர்வளம், மின்வாரியம், கூட்டுறவு, மாசுக் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாற்காலி உண்டு. கேள்வி கேட்டால் அந்தத் துறை அதிகாரி எழுந்து பதில் சொல்ல வேண்டும். பெங்களூர் குடிநீர், கழிவுநீர் வாரியத்துக்கு அங்கே நாற்காலி கிடையாது.